பச்சைமலை ஏறணுமா? முதலில் பல்லை எண்ணுங்கள்!

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஒரு வங்கி அதிகாரி. வயது 47. 'சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்குது' என்று டாக்டர் எச்சரித்ததும் கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்ட ஆரம்பித்தார். காவிரிப் பாலம், கொள்ளிடக் கரை என்று சுற்றிக்கொண்டிருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பச்சைமலைக்குக் கிளம்பினார். மண்ணச்சநல்லூர், துறையூர், உப்பிலியபுரம் வரை குஷியான பயணம். சோபனபுரம் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும்தான் வினை! மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெடலை மேலே நின்று மிதித்து, எப்படியோ டாப் செங்காட்டுப்பட்டி போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அதன்பிறகு ஒரு வாரம் மாடிப்படி இறங்க முடியவில்லை. முழங்காலின் முன்பக்கம் அப்படி ஒரு வலி!

"ஒயரே இல்லாத எலெக்ட்ரானிக் கியர் போட்ட வண்டி வாங்கிடலாம்னு இருக்கேன் சார். விலை லட்சக்கணக்குல போகுது. இருந்தாலும் முட்டி முக்கியம் இல்லையா?" என்றார்.

பக்கத்திலிருந்த அவர் மனைவி கேட்டார்: "ஏன் சார், அவ்வளவு பணம் போட்டா முட்டி வலி வராதா?"

நியாயமான கேள்வி. முட்டியைக் காப்பாற்றுவது ஒயரா, பாட்டரியா என்பதல்ல விஷயம். பல்சக்கரத்தில் எத்தனை பல் என்பதுதான் விஷயம். எப்படி என்று பார்க்கலாம்.

ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர்?

முன்சக்கரப் பல்லை (பெடலோடு இருப்பது) பின்சக்கரப் பல்லால் வகுங்கள். அதை டயரின் சுற்றளவால் பெருக்குங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பது கிடைத்துவிடும்.

நம் பழைய கறுப்பு சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு சுமார் 5.4 மீட்டர். பந்தய சைக்கிளில் மிக லேசான கியர் 36-க்கு 30 என்றால் சுமார் 2.5 மீட்டர். 34-க்கு 34 என்றால் சுமார் 2.1 மீட்டர்.

இப்போது மலைக்கு வாருங்கள். ஏற்றத்தில் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 125 மீட்டர். அதற்குப் பழைய சைக்கிளில் 23 சுற்று, 36-க்கு 30 கியரில் 50 சுற்று, 34-க்கு 34 கியரில் 60 சுற்று மிதிக்க வேண்டும். ஏறுகிற உயரம் ஒன்றுதான். அதற்கான உழைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த உழைப்பைக் குறைந்த சுற்றில் முடிக்கப் பார்த்தால் ஒவ்வொரு மிதிக்கும் பலம் அதிகம் தேவை. 60 சுற்றில் செய்வதை 23 சுற்றில் செய்தால் ஒவ்வொரு மிதியிலும் இரண்டரை மடங்கு பலம்! அந்த அழுத்தம் முட்டிச் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் போய் விழுகிறது. ஏற்றத்தில் நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் முட்டிக்கு நிம்மதி.

ஒயர் இல்லாத கியர் என்ன செய்கிறது?

காரை ரிமோட்டில் திறக்கிறோமே, அதுபோலத்தான். ஹேண்டில்பாரில் பட்டனைத் தொட்டால் ரேடியோ சிக்னல் போகிறது. பின்னால் உள்ள சின்ன மோட்டார் செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளுகிறது. பிரான்சின் மாவிக் கம்பெனி 1999-லேயே இதை முயன்று பார்த்தது, நிலைக்கவில்லை. அமெரிக்காவின் ஸ்ராம் 2015-ல் முழுக்க ஒயர் இல்லாத கியரை அறிமுகம் செய்தது. ஜப்பானின் ஷிமானோ 2009-ல் ஒயரோடு எலெக்ட்ரானிக் கியர் தந்தது. 2021-ல் ஹேண்டில்பார் பக்கத்து ஒயரை எடுத்துவிட்டது. ஆனால் பாட்டரியிலிருந்து கியருக்குப் போகும் ஒயர் அந்த மாடல்களில் உண்டு. ஆகவே கடைக்காரர் 'ஒயர்லெஸ்' என்றால், 'முழுசாவா, பாதியா?' என்று கேளுங்கள். ஒரு கம்பெனி பட்டன், இன்னொரு கம்பெனி மோட்டார் என்று கலந்து போட முடியாது என்பதும் ஞாபகமிருக்கட்டும்.

இதில் லாபம் இல்லாமலில்லை. தொட்டாலே கியர் மாறுவதால் சோம்பல்படாமல் அடிக்கடி மாற்றுவோம். கட்டைவிரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது பெரிய உதவி. கேபிள் துருப்பிடிப்பது, தளர்வது என்ற தொல்லையும் கிடையாது.

தார் ரோடா, மண் ரோடா?

தார் ரோட்டில் மட்டும் போகிறவர்களுக்கு முன்னால் இரண்டு பல்சக்கரம் நல்லது. ஸ்ராம் ரைவல் ஏஎக்ஸ்எஸ்-ல் 46/33-ம், பின்னால் 36 வரையும் கிடைக்கிறது. 33-க்கு 36 என்றால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்கும் குறைவு. மலைக்கு அருமை! மலைமேல் மண்பாதை, சரளைக்கல் என்று சுற்ற ஆசைப்பட்டால் அகல டயர் போட்ட கிராவல் சைக்கிள். அதில் முன்னால் ஒரே சக்கரம் 40 பல், பின்னால் 44 வரை வைப்பது வழக்கம். குலுக்கலில் செயின் கழன்று விழுவது குறையும்.

பாட்டரி ஜாக்கிரதை!

* ஸ்ராமில் ஒரு சார்ஜுக்குச் சுமார் 60 மணி நேரம் ஓட்டலாம். கிளம்புவதற்கு முந்தின நாளே விளக்கின் நிறத்தைப் பாருங்கள்.
* பின் பாட்டரி வழியில் தீர்ந்தால் முன்பக்கத்து பாட்டரியைக் கழற்றிப் பின்னால் மாட்டலாம்.
* ஹேண்டில்பார் பட்டனுக்குள் தனியாகக் காசு வடிவ பாட்டரி உண்டு. பையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.
* சோபனபுரம் வரை காரில் ஏற்றிப் போகிறீர்களா? பாட்டரியைக் கழற்றி வையுங்கள். குலுக்கலிலேயே சார்ஜ் குறையும்.

கேபிள் கியர் மட்டமா என்றால், இல்லவே இல்லை. பல் எண்ணிக்கை சரியாக இருந்தால் முட்டிக்கு இரண்டும் ஒன்றே. கேபிள் அறுந்தாலும் சின்னச் செலவோடு முடிந்துவிடும்.

நம் வங்கி அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? அவர் வண்டியில் 36-க்கு 30 பல். ஸீட்டும் தாழ்ந்திருந்தது; முட்டியின் முன்பக்க வலிக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். மெக்கானிக்கிடம் காட்டி, பின்னால் 34 பல் வரை உள்ள செட் மாற்றினார். செயினையும் நீளமாக்கினார். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கும்படி ஸீட்டை உயர்த்தினார். வலி முழுக்கப் போனபிறகு, கொள்ளிடக் கரையிலேயே சில வாரம் பழகிவிட்டு, மறுபடி மலைக்குப் போனார். வழியில் இரண்டு இடத்தில் இறங்கித் தண்ணீர் குடித்து, நிதானமாக ஏறினார். மறுநாள் மாடிப்படியில் சாதாரணமாக இறங்கி வந்தார்.

"லட்சம் மிச்சம் சார்!" என்றார் அவர் மனைவி.

ஒரு வார்த்தை: முட்டி வீங்கினாலோ, மடக்க முடியாமல் பிடித்துக்கொண்டாலோ, இரவில் வலித்தாலோ கியரை மாற்றிப் பார்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்கள் மலை ஏறுமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்வது அவசியம். மலை அங்கேயேதான் இருக்கும். நாம் நிதானமாகப் போகலாம்!