ஆஸ்டின் அம்மையாரின் நாவலும் தெரிவாட்டமும்

கதையைப் பிறர் கூறக் கேட்டலும், ஏட்டைப் புரட்டித் தாமே படித்தலும், அரங்கில் நடிக்கக் காண்டலும் மக்கள் நெடுங்காலமாக அறிந்த இன்பங்களாம். இவற்றின் வேறாய், படிப்போரையே கதைத்தலைவியின் இடத்தில் நிறுத்தி, "இனி யாது செய்வாய்?" என வினவி, அவர் கூறும் விடைக்கேற்பக் கதையை நடத்திச் செல்லும் ஒரு முறை கணிப்பொறியின் வாயிலாக இக்காலத்துப் பெரிதும் பரவியுள்ளது. அதனை இக்கட்டுரையில் தெரிவாட்டம் என வழங்குவாம். காதற்கதைகளே இவ்வாட்டத்திற்கு மிகுதியும் பொருளாகின்றன. அவற்றுள்ளும் ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் (1775–1817) நாவல்களை ஆட்டமாக்க முயன்றோர் பலர். புத்தூரில் நம்மோடு பயில்வாருள் ஆங்கில இலக்கியத்தாரும் கணிப்பொறியியலாரும் கைகோத்து இத்தகைய முயற்சியில் இறங்குதல் கூடும். ஆதலின், அதன்கண் எழும் இடர் யாது, தமிழிற் செய்வார்க்கு வாய்க்கும் நலம் யாது என்பவற்றைச் சிறிது ஆராய்வாம்.

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்றமையால் அவர் மைந்தர் அரசப் பிரதிநிதியாய் ஆண்ட 1811 முதல் 1820 வரையுள்ள காலத்தை ஆங்கிலேயர் ரீஜன்ஸிக் காலம் என்பர். 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிடி' 1811-இலும், 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813-இலும் வெளிவந்தன. (1826-இல் நம் திருச்சிராப்பள்ளியில் உயிர்நீத்த ஹீபர் அத்தியட்சர் 1783-இற் பிறந்தவர், அம்மையாருக்கு ஏழாண்டு இளையவர். அந்நாவல்களில் வரும் நாட்டுப்புறக் குருமாரைப் போலவே அவரும் ஹாட்நெட் என்னும் ஊரில் பல்லாண்டு குருவாக இருந்தவர்.) இந்நாவல்களைப் பின்பற்றி, 2007-இல் எம்மா காம்ப்பெல் வெப்ஸ்டர் என்பார் படிப்போர் தாம் தெரிந்த வழிக்கேற்பப் பக்கம் தாவிச் செல்லும் ஒரு நூல் இயற்றினார். 'எவர், ஜேன்' என்னும் ஆட்டம் 2013-இல் பொதுமக்களிடம் பொருள் திரட்டி மேற்கொள்ளப்பட்டு, 2020-இல் நிறுத்தப்பட்டது. அதில் வாளும் வேலும் இல்லை. வம்புப் பேச்சே படைக்கலம். ஆஸ்டின் அம்மையார் இதனைக் கண்டிருப்பின் நகைத்து ஒப்பியிருப்பார் என்றே தோன்றுகிறது.

இனி இடரைக் கூறுவாம். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்னும் நாவலின் உயிர்நிலை காதலன்று, தவறான தீர்ப்பேயாம். எலிசபெத் பென்னெட் என்னும் நங்கை டார்ஸியைச் செருக்கன் என்றும், விக்கம் என்பானை நல்லோன் என்றும் துணிகின்றாள். அத்துணிவினாலேயே டார்ஸி முதன்முறை மணம் வேண்டியபோது கடிந்து மறுக்கின்றாள். பின்னர் அவன் எழுதிய கடிதத்தைப் படித்துத் தன்னையே புதிதாக அறிகின்றாள். தெரிவாட்டம் ஆடுவோரோ நாவலை முன்னரே படித்தவர். அன்றித் திரைப்படத்திலேனும் கண்டவர். டார்ஸியே தலைவன் என்பதை அறிந்த அவர், முதல் நடன விருந்திலேயே அவனை நோக்கிப் புன்முறுவல் செய்யும் விடையைத் தெரிந்துகொள்வார். ஆட்டமும் 'அன்பு 10' என ஒரு மதிப்பெண்ணைத் திரையில் இட்டு அவரை ஊக்கும். எலிசபெத்தின் பிழை நிகழாது. பிழை நிகழாவிடில் கடிதத்திற்கு வேலையில்லை. எஞ்சுவது யாதோவெனின், செல்வர் ஒருவரை மணத்தற்குரிய எளிய வழிகாட்டி.

இதற்கு மாற்று, ஆடுவோரின் உரிமையைப் பறித்தலன்று. உரிமையை வேறிடத்து வைத்தலாம். மறுப்பதா ஏற்பதா என்பதை வினாவாக்காது, எவ்வாறு மறுப்பது என்பதை வினாவாக்கலாம். பண்போடு மறுக்கலாம், சினந்து மறுக்கலாம், விக்கம் கூறிய கதையைச் சான்றுகாட்டி மறுக்கலாம், தமக்கையின் துயரைச் சுட்டி மறுக்கலாம். எக்குற்றத்தை எடுத்துரைத்தாரோ அக்குற்றத்திற்கே கடிதம் விடை பகர வேண்டும். மதிப்பெண்களைத் திரையினின்றும் அகற்றிவிடுதல் இன்றியமையாதது. கடிதம் வந்தபின், முன்னர் ஆடிய காட்சிகளுள் இரண்டு மூன்றனைச் சொல் மாறாமல் மீண்டும் காட்டுக. அன்று நகையாகப்பட்ட அதே உரை இன்று வேறு பொருள் தரும். அச்சிட்ட நாவல் நம் நினைவை நம்பி நிற்க, ஆட்டமோ நாமே தெரிந்த விடைகளை நம் கண்முன் கொணர்ந்து நிறுத்தவல்லது. இவ்வொன்றில் ஆட்டம் நாவலினும் வலிமையுடையது எனலாம்.

இரண்டாவது இடர் பணத்தைப் பற்றியது. ஆஸ்டின் அம்மையார் எவரையும் ஆண்டு வருமானம் கூறாது அறிமுகம் செய்தல் அரிது. டார்ஸிக்கு ஆண்டொன்றுக்கு 10,000 பவுன். பென்னெட்டின் நிலவருவாய் 2,000 பவுன். பென்னெட்டுக்கு ஆண்மகவு இன்மையின் அந்நிலம் அவருக்குப் பின் காலின்ஸ் என்னும் உறவினனைச் சேரும். இவ்வெல்லையை நீக்கிவிட்டுக் காதலை மட்டும் ஆட்டமாக்குதல், சதுரங்கப் பலகையை எடுத்துவிட்டுக் காய்களை நகர்த்துதலை ஒக்கும்.

'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிடி'யின் இரண்டாம் அதிகாரத்தை ஈண்டு நோக்குக. தந்தை இறக்குந்தறுவாயில், சிற்றன்னையையும் தங்கையர் மூவரையும் காப்பதாக ஜான் டாஷ்வுட் வாக்களித்துள்ளான். தங்கையர்க்கு 3,000 பவுன் கொடுக்க எண்ணுகின்றான். மனைவி தம் சிறு மகனுக்கு நேரும் இழப்பைக் கூறுகின்றாள். தலைக்கு 500 போதும் என்கின்றான். அவள் பின்னும் பேசுகின்றாள். சிற்றன்னைக்கு ஆண்டுதோறும் 100 பவுன் அளிக்கலாம் என்கின்றான். ஆண்டுப்படி பெறுவோர் எளிதில் இறவார் என்கின்றாள் அவள். அவ்வப்போது 50 பவுன் அனுப்பலாம் என்கின்றான். முடிவில், சிறு வீடு பார்த்துக் கொடுத்தலும், சாமான்களை ஏற்றி அனுப்புதலும், பருவத்தில் மீனும் வேட்டை இறைச்சியும் அனுப்புதலுமே தந்தை கருதிய உதவி என இருவரும் தெளிகின்றனர். ஒரு சுடுசொல் இல்லை. ஒவ்வொரு படியும் அறிவுடையார் கூற்றாகவே தோன்றும். நம் ஊர்களில் பாகப்பிரிவினைப் பேச்சைத் திண்ணையிலிருந்து கேட்டவர்க்கு இது புதிதன்று.

இக்காட்சியில் ஆடுவோரை ஜானின் இடத்தில் அமர்த்துக. ஒவ்வொரு முறையும் நியாயமான விடையையே அவர் தெரிந்துகொள்வார். அடுத்த காட்சியில் அவரை மூத்த தங்கை எலினரின் இடத்திற்கு மாற்றி, வந்து சேர்ந்த தொகையைக் காட்டுக. நால்வருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 500 பவுன். அதுவும் முன்னரே அவர்கட்கு உரியது. அண்ணன் தந்தது ஒன்றுமில்லை. தம் விரலே இதனைச் செய்தது என்பதை ஆடுவோர் அப்போது உணர்வார்.

பொருளில்லாப் பெண்ணுக்குத் தெரிவு எவ்வளவு குறுகியது என்பதை அம்மையார் தம் குடும்பத்திலேயே கேட்டறிந்திருந்தார். அவ்வரலாறு நம் தமிழ்நாட்டுக் கரையைத் தொடுவது. அவர் தந்தையின் தமக்கையாராகிய பிலடெல்பியா ஆஸ்டின் இளமையில் பெற்றோரை இழந்தவர். இலண்டனில் மகளிர் தொப்பி செய்வாரிடம் தொழில் பயில விடப்பட்டவர். 1752-இல் கப்பலேறி அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் சென்னை வந்திறங்கினார். அவ்வாண்டு ஜூன் மாதத்திற்றான் ஸ்ரீரங்கத் தீவில் பிரெஞ்சுப் படையினர் ஆங்கிலேயரிடம் சரணடைந்திருந்தனர். வந்த ஆறு திங்களில், 1753 பிப்ரவரியில், கம்பெனியின் மருத்துவராகிய ஹான்காக் என்பாரைக் கடலூரில் மணந்தார். அம்மையார் 1792-இல் எழுதத் தொடங்கி முடிக்காது விட்ட 'காதரின்' என்னும் கதையில், மணமகன் தேடி வங்காளத்திற்கு அனுப்பப்படும் பெண்ணொருத்தி வருகின்றாள். தெரிவாட்டம் இயற்றுவார் ஒருவர் பிலடெல்பியாவின் வாழ்வை எடுத்துக்கொள்வாராயின், முதல் வினாவே பெருவினா: தொப்பிக்கடையா, கப்பலா? திரும்பிச் செல்லும் வழி என்ற மூன்றாவது விடை அங்கே இல்லை.

இந்நாவலைத் தமிழ் மண்ணிற்குக் கொணர்ந்தோர் உளர். ராஜீவ் மேனன் இயக்கி 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்னும் திரைப்படம் 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிடி'யின் தழுவலாகும். அதற்கு வசனம் எழுதியவர் சுஜாதா என்னும் எஸ். ரங்கராஜன் (1935–2008). ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, நம் நகரின் செயின்ட் ஜோசப் கல்லூரியில் பயின்று, பொறியாளராய்த் தொழில் செய்து, கணிப்பொறியைப் பற்றித் தமிழில் எளிமையாக எழுதியவர் அவர். கதையும் கணிப்பொறியும் ஒருவரிடத்தே கூடுதற்கு நம் ஊரில் முன்மாதிரி உண்டு.

அப்படம் எவற்றை மாற்றிற்று என்பது நாம் பயிலத்தக்கது. எலினரும் மேரியனும் சௌம்யா, மீனாட்சி ஆயினர்; மாளிகை செட்டிநாட்டு வீடாயிற்று. 1989-இன் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் கூட்டுக்குடும்பச் சொத்தில், அப்போது மணமாகாதிருந்த மகளிர்க்குப் பிறப்புரிமை தந்துவிட்டமையின், ஆங்கில நாட்டு நில வழக்கை அப்படியே கொணர இயலாது. எனவே பாட்டனார் எழுதிய உயில் அவ்விடத்தை நிரப்பிற்று. தாம் ஈட்டியதை விரும்பியவர்க்கு எழுதிவைக்கும் உரிமை எச்சட்டத்தாலும் நீங்கவில்லையன்றோ! கீழ்த்திசை நாடுகளிற் போர்ப்பணி புரிந்து மீண்ட கர்னல் பிராண்டன், இலங்கைக்கு 1987-இல் சென்ற இந்திய அமைதிப்படையிற் காலிழந்த மேஜர் பாலா ஆனார். வில்லபி, சீட்டு நிறுவனம் நடத்தி நொடித்துப்போகும் ஸ்ரீகாந்த் ஆனான். வண்டியும் தொப்பியும் நடனமும் போயின. கடனும் உயிலும் போர்க்காயமும் நின்றன. கவுனை நீக்கிப் புடவை உடுத்துவதே தழுவல் என எண்ணுவோர் இதனை ஊன்றி நோக்குக. மூலத்தில் மகளிர் கையைக் கட்டியது எதுவோ, அதற்கு ஈடாக நம் நாட்டிற் கட்டுவது எது என்று தேடுதலே தழுவலாம்.

தமிழிற்கெனச் சில தனி நலங்களும் உள. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். நமக்கோ நீ, நீர், நீங்கள், தாங்கள் எனப் பல. வினைமுற்றும் உடன் மாறும். ஆட்டத்தில் தலைவி தலைவனை எச்சொல்லால் விளிப்பது என்பதையே ஒரு தெரிவாக வைக்கலாம். 'தாங்கள்' என்பதினின்று 'நீங்கள்' என்பதற்கு இறங்கும் நாள் ஒரு நிகழ்ச்சி. சினத்தில் 'நீர்' என்று திரும்பினால் அதுவும் ஒரு நிகழ்ச்சி. பத்து வரி வருணனை செய்ய மாட்டாததை ஒரு விகுதி செய்துவிடும்.

அகப்பொருள் மரபு மற்றொரு துணை. அன்பின் ஐந்திணையில் தலைமக்களை இன்னார் எனப் பெயர் சுட்டுதல் கூடாதென்று தொல்காப்பியம் விதித்தது. பெயரில்லாத் தலைவியின் இடத்தில் கேட்போர் எவரும் தம்மை நிறுத்திக்கொள்ளலாம். இக்காலத்துத் தெரிவாட்டங்கள் பலவற்றில் தலைவியின் பெயரிடம் வெறுமையாக விடப்படுதலும் இதன்பொருட்டே. ஆடுவோர் திகைக்குங்கால் குறிப்புரைக்க ஆங்கில ஆட்டங்கள் ஒரு பெட்டியைத் திரையில் திறக்கும். நம்மிடமோ தோழி இருக்கின்றாள். வரைவு கடாவுதலும், செவிலிக்கு அறத்தொடு நிற்றலும், உடன்போக்கிற்குத் துணிவித்தலும் அவள் தொழில்கள். அவை ஒவ்வொன்றும் கதை கிளைக்கும் இடம்.

செய்முறை பற்றிச் சில சொற்கள் போதும். இரு விடையுள்ள வினாக்கள் பத்து வைத்து, ஒவ்வொன்றும் புதுக்கிளை விடுமாயின் முடிவுகள் 1,024 ஆகும். இருபது வைப்பின் பத்து லட்சத்தைத் தாண்டும். எழுத ஆயுள் போதாது. முக்கொம்பிற் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டுக் கல்லணையருகே மீண்டும் நெருங்குதல்போல, கிளைகளைச் சிறிது தூரம் விட்டுப் பின் சேர்க்க வேண்டும். சேர்ந்தாலும், எவ்வழி வந்தார் என்பதை ஆட்டம் நினைவிற் கொண்டு பின்னர்ப் பேச வேண்டும். 2009-இல் தோன்றிய ட்வைன் என்னும் கருவி விலையின்றிக் கிடைப்பது. அதிற் செய்த ஆட்டம் இணைய உலாவியில் இயங்குதலின் தமிழெழுத்துச் சிதையாது. வேறு சில கருவிகளில் 'கெ' என்பதன் கொம்பு எழுத்தின் வலப்புறம் சென்று நிற்கும்; முதலிலேயே சோதித்துக்கொள்க.

முடிவுகளைப் பற்றி ஒன்று கூறவேண்டும். பெரும்பாலான ஆட்டங்களில் மணமின்றி முடிதல் தோல்வியாகவே காட்டப்படும். 1802 டிசம்பர் 2-ஆம் நாள் மாலை, மானிடவுன் என்னும் பெருநிலத்திற்கு உரியவராகிய ஹாரிஸ் பிக்-விதர் என்பார் மணம் வேண்ட, ஆஸ்டின் அம்மையார் இசைந்தார். அப்போது அவருக்கு அகவை இருபத்தேழு நிறையவில்லை; தமக்கெனப் பொருள் இல்லை; இசைந்திருப்பின் தாய்க்கும் தமக்கைக்கும் வீடு கிடைத்திருக்கும். மறுநாட் காலையில் சொல்லை மீட்டுக்கொண்டு அவ்வில்லத்தினின்றும் வெளியேறினார். பின்னர் அவர் மணக்கவேயில்லை. ஒன்பதாண்டு கழித்து, பெயர் இடாது, 'ஒரு சீமாட்டி இயற்றியது' என்ற குறிப்போடு முதல் நாவல் வெளிவந்தது. இழப்பு நேரின் தாமே ஏற்பதாக உடன்பட்டு வெளியிட்ட அந்நூலின் முதற்பதிப்பால் அவர் பெற்ற ஊதியம் 140 பவுன். அடுத்த நாவலின் உரிமையை 110 பவுனுக்கு விற்றார். அந்த டிசம்பர் இரவை ஆட்டத்தின் ஒரு காட்சியாக வைப்பவர், காலையில் தோன்றும் இரு விடைகளுள் எதனையும் வெற்றியென்று குறியாதிருப்பாராக.