மணக்காத புகை: வேனிலும் குளியலறையிலும் கேஸ் கீசர்



சிறுதொழிலுக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் இளைஞர்களில் சிலர் இப்போது ஒரு புதிய தொழிலைச் சொல்கிறார்கள். பழைய மினி வேன் ஒன்றில் தண்ணீர்த் தொட்டி, மோட்டார், நீளமான கம்புடன் கூடிய பிரஷ் வைத்துக்கொண்டு அலுவலகங்கள், கடைகள், அடுக்குமாடிகளின் கண்ணாடி ஜன்னல்களைத் துடைத்துக் கொடுக்கும் தொழில். ஹலாலான உழைப்பு, நாம் மகிழ்ச்சியோடு ஆதரிக்க வேண்டியது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: "வெளிநாட்டு வீடியோக்களில் வேனுக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டி வெந்நீரில் துடைக்கிறார்கள். நாமும் மாட்டலாமா?"

மாட்ட வேண்டாம் என்பதே நம் பதில். ஏன் என்பதை எல்லாக் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் வேனில் ஆபத்தாக இருக்கும் அதே பொருள், நம்மில் பலர் வீட்டுக் குளியலறையிலும் தொங்குகிறது.

எழுப்பிவிடும் வாயு, தூங்கவைக்கும் வாயு

2023 டிசம்பர் 26 இரவை எண்ணூர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். பெரியகுப்பம் கரையோரம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, நெடி தாங்காமல் மக்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆனாலும் அந்த வாயு, "ஓடு" என்று சொல்லி நம்மை எழுப்பியது.

கார்பன் மோனாக்சைடு அப்படி எழுப்பாது. அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, கண்ணை எரிக்காது. கேஸ், பெட்ரோல், டீசல், கரி, விறகு என எது எரிந்தாலும், எரிவதற்குப் போதிய காற்று கிடைக்காதபோது இது உண்டாகிறது. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு இதைப் பிடித்துக்கொள்கிறது. மூச்சு நடந்துகொண்டே இருக்கும். மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போகாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்ச்சி, பிறகு மயக்கம். "பித்தம்", "வெறும் வயிறு" என்று நினைத்து உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியாமல் போகும்.

சிலிண்டர் கேஸின் நெடி இதிலிருந்து நம்மைக் காப்பாற்றாது. அந்த நெடி, கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்படும் மெர்காப்டான் என்ற பொருளால் வருவது. கேஸ் எரிந்ததும் நெடியும் எரிந்துவிடும். மிஞ்சும் புகைக்கு மணமில்லை.

ஒரு சின்னக் கணக்கு

சமையலறை அடுப்பின் ஒரு பர்னர் சுமார் 2 கிலோவாட் வெப்பம் தரும். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கும் கேஸ் கீசர் 10 முதல் 12 கிலோவாட் வரை எரிக்கிறது. ஐந்து பர்னர்களை ஒரே நேரத்தில் முழுத்தீயில் வைப்பதற்குச் சமம். ஒரு மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் ஏறக்குறைய 1 கிலோ கேஸ் செலவாகும். அந்த 1 கிலோ முழுமையாக எரிய சுமார் 12 கனமீட்டர், அதாவது 420 கன அடி காற்று வேண்டும்.

6 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள வேனின் பின்பகுதியில் இருப்பது 100 கன அடிக்கும் குறைவான காற்று. கதவை மூடினால் கால் மணி நேரத்துக்குக்கூட அது போதாது. காற்று முழுதும் தீரும்வரை தீ காத்திருப்பதும் இல்லை. ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்ததுமே நீலத் தீ மஞ்சளாகிறது. கார்பன் மோனாக்சைடு வரத் தொடங்குகிறது. 5 அடிக்கு 4 அடி குளியலறையும் இந்த வேனைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை.

வேனில் இன்னும் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது, வீட்டுக் கீசர் சுவரில் அசையாமல் இருக்கச் செய்யப்பட்டது. நம் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு போனால் இணைப்புகள் தளரும். இரண்டாவது, சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் வேனின் தரையில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். மோட்டார் சுவிட்சும் பேட்டரியும் அங்கேதான் இருக்கின்றன. ஜன்னலை இறக்கி வைப்பதால் தரையில் கிடக்கும் கேஸ் வெளியேறாது.

நடந்தவை

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலையூருக்குச் சுற்றுலா போன கேரளத்தைச் சேர்ந்த 8 பேர் விடுதி அறையில் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். குளிருக்காக அறைக்குள் கேஸ் ஹீட்டரை எரியவிட்டு, கதவு ஜன்னலை மூடிப் படுத்திருந்தார்கள்.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த லக்னோ சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி ஏற்றிய சிலிண்டரில் டீ போட அடுப்புப் பற்றவைத்ததே காரணம். ஒரு டீக்காக 9 உயிர்கள்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் இரண்டு தொழிலாளர்கள் இறந்துகிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே வந்திருந்தது. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்களும் சேர்ந்து செய்த சோதனையில், கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவியது உறுதியானது. வேலை முடிந்து படுத்தவர்கள் அவர்கள்.

மார்க்கம் காட்டும் வழி

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே எரிந்துபோனது. செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் நெருப்பை நம் பகைவன் என்று எச்சரித்து, தூங்குமுன் அதை அணைத்துவிடச் சொன்னதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. நடந்த விபத்திலிருந்து எல்லோருக்குமான ஒழுங்கை அவர்கள் ஏற்படுத்தினார்கள்.

தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையானது. குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சி, தயம்மும் செய்து தொழவைத்தார்கள். நம்மை நாமே கொன்றுகொள்ளக் கூடாது என்ற இறைக்கட்டளையை அதற்குக் காரணமாகச் சொன்னபோது, நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்களே தவிரக் கண்டிக்கவில்லை என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. கடமையான குளிப்புக்கே உயிரைப் பணயம் வைக்கச் சொல்லாத மார்க்கம் நம்முடையது. ஜன்னல் கண்ணாடிக்காகவும் சுபுஹுக்கு முந்திய வெந்நீர்க் குளியலுக்காகவும் வைக்கலாமா?

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி ஓட்டையை அடைக்காமல் இருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம்.

தொழில் செய்பவர்களுக்கு

பிரிட்டன் போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைகிறது, கை விறைக்கிறது. அதனால் வெந்நீர் தேடுகிறார்கள். அங்கும் வண்டிக்கென்றே தயாரித்து, காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையை வெளியே விடும் மூடிய வகை ஹீட்டர்கள் உண்டு. பயிற்சி பெற்றவர்கள் பொருத்துகிறார்கள். நம் ஊரில் தண்ணீர் உறைவதில்லை.

நம் கண்ணாடிகளில் படிவது கடல் உப்பும் சாம்பல் தூசியும். உப்பு பச்சைத் தண்ணீரிலேயே கரையும். துடைத்த பிறகு வெள்ளைத் திட்டு விழுவது, உப்பான போர் தண்ணீரால். அதற்கு மருந்து சூடு அல்ல, ஆர்.ஓ. போன்ற வடிகட்டியில் சுத்திகரித்த தண்ணீர். கீசருக்கு வைத்த பணத்தை வடிகட்டிக்குச் செலவிட்டால் வேலையும் நன்றாக அமையும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோப்புக் கரைசல் போதும். எப்போதாவது வெந்நீர் தேவைப்பட்டால் கிளம்புமுன் வீட்டில் காய்ச்சி, சூடு தாங்கும் கேனில் எடுத்துச் செல்லலாம். மைய்யித்துக் குளிப்பாட்டும் தண்ணீரையும் வண்டிக்குள் சூடாக்காமல், திறந்த வெளியில் காய்ச்சியே ஊற்ற வேண்டும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதை 2000ஆம் ஆண்டு எல்.பி.ஜி. ஆணை தடுக்கிறது. வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கேட்கவும் வாய் இருக்காது.

வீட்டில் கீசர் வைத்திருப்பவர்களுக்கு

1. கீசரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

2. மாற்றும்வரை, கதவைத் திறந்து வைத்து வாளியை நிரப்பி, கீசரையும் சிலிண்டரையும் மூடிவிட்டுப் பிறகு குளிக்கப் போங்கள். கீசர் எரியும்போது யாரும் உள்ளே தாழிட்டுக்கொள்ளக் கூடாது.

3. குளிருக்காகவோ கொசுவுக்காகவோ வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைக்காதீர்கள்.

4. தீ மஞ்சளாக எரிந்தாலோ கரி படிந்தாலோ அன்றே நிறுத்தி, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ரப்பர் டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

5. கேஸ் நெடி வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள்.

6. யாராவது மயங்கிக் கிடந்தால் கதவைத் திறந்து, கேஸை மூடி, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள். "கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தைப் பிரித்துக் காட்டாது. 98, 99 என்று நல்ல எண்ணையே காட்டும். அதை நம்பி வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

குடும்பமாக உட்கார்ந்து பேச

• நம் வீட்டில் எரியும் பொருள்கள் எவை? அவற்றின் புகை எந்த வழியாக வெளியேறுகிறது?

• சிலிண்டரை மூடுவது எப்படி என்று பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் தெரியுமா?

• நம் உறவில் யாராவது வண்டியில் அடுப்போ கீசரோ வைத்துத் தொழில் செய்கிறார்களா? அவர்களிடம் இந்த வாரமே பேச முடியுமா?

வேன் தொழிலுக்குக் கடன் கேட்டு வருபவர்கள் கீசரின் விலையை விட்டுவிட்டு, தண்ணீர் வடிகட்டியின் விலையை எழுதிக்கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து கணக்குப் போடுவோம்.