ஓர் அடிக்கு ஐந்து மில்லிமீட்டர்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் கைவினைப் பொருட்கள் வரிசையில் ஒரு சிறிய ரயில்வே ஸ்டேஷனை வைத்திருந்தேன். பார்த்தவர்களில் பலர், "எங்கே சார் வாங்கினீர்கள்?" என்றுதான் கேட்டார்கள். வாங்கவில்லை, அட்டையும் பசையும் கொண்டு வீட்டிலேயே செய்தது என்றதும், "அதை எப்படிச் செய்வது என்று நம் இதழில் எழுதுங்களேன்" என்றார் ஆசிரியர். நான் எழுத்தாளன் அல்ல. புனேயில் ஓர் ஆலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கடைசல் பிடித்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறேன். நான் செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன். பாடம் அவற்றில்தான் அதிகம்.

இந்த ஆசை எனக்கு வந்தது கோத்ரூடில். அங்கே 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு ரயில் காட்சியகத்துக்குப் பேரனை அழைத்துப் போயிருந்தேன். மேஜைமேல் ஓர் ஊரே ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் பேரன், "தாத்தா, உங்க ஊர் ரயில் இதில் எது?" என்று கேட்டான். அதில் எங்கள் ஊர் ரயில் இல்லை. எங்கள் ஊர் விழுப்புரம் - மயிலாடுதுறைத் தடத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். அப்பா அங்கே பாயிண்ட்ஸ்மேன். அந்த மீட்டர் கேஜ் பாதை 2010இல் அகலப்பாதையாகிவிட்டது. பழைய ஸ்டேஷனின் படம் ஒன்றுகூட எங்கள் குடும்பத்தில் இல்லை. சரி, நாமே செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

1. முதலில் கணக்கு

சிற்றுரு செய்ய விரும்புகிறவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது கத்தியல்ல, பென்சில். எந்த அளவில் செய்கிறோம் என்று முடிவு செய்யாமல் வெட்டத் தொடங்கினால் எஞ்சின் ஓர் அளவிலும் ஆட்கள் வேறோர் அளவிலும் நிற்பார்கள்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது எச்.ஓ. எனப்படும் அளவு. நிஜத்தில் 87 பங்கு இருப்பது இதில் ஒரு பங்கு. ஐரோப்பாவின் தண்டவாள இடைவெளியான 1435 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. வரும். எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி அதுதான். ஆனால் நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கும் கூட வரும். ஆகவே இந்திய அகலப்பாதை எஞ்சினை எச்.ஓ. தண்டவாளத்தில் நிறுத்தினால், பெரிய உடம்புக்காரர் சின்னச் செருப்புப் போட்ட மாதிரி இருக்கும்.

மீட்டர் கேஜுக்கு இந்தச் சங்கடம் இல்லை. பெயரிலேயே அளவு இருக்கிறது: 1000 மி.மீ. அதை 16.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 60. அதாவது 60இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமே சரியான மீட்டர் கேஜ் ஆகிவிடுகிறது. இன்னொரு வசதியும் உண்டு. ஓர் அடி என்பது 304.8 மி.மீ. அதை 60ஆல் வகுத்தால் 5 மி.மீ. பழைய ரயில்வேக்காரர்கள் எல்லாவற்றையும் அடிக்கணக்கில்தான் சொல்வார்கள். ஏழு அடிக் கதவா? 35 மி.மீ. ஆறடி மனிதரா? 30 மி.மீ. ஐந்தாம் வாய்ப்பாடு தெரிந்த குழந்தை போதும், வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அளந்து சிற்றுருவாக்கிவிடும். என் பேரனுக்கு ஐந்தாம் வாய்ப்பாடு தமிழில் மனப்பாடமானது இப்படித்தான்.

2. வேகனில் தொடங்குங்கள்

எடுத்த எடுப்பில் எஞ்சினில் கை வைக்காதீர்கள். மூடிய நாலுசக்கரச் சரக்கு வேகன் ஒன்றைச் செய்து பாருங்கள். இருபது அடி நீளம், ஏழரை அடி அகலம் என்று வைத்துக்கொண்டேன். அதாவது 100 மி.மீ.க்கு 38 மி.மீ. அடித்தளத்துக்குத் தடித்த மவுண்ட் போர்டு, சுவர்களுக்கு மெல்லிய அட்டை. சுவரின் இரும்புச் சட்டங்களை ஒரு மி.மீ. அகலக் கீற்றுகளாக வெட்டி ஒட்ட வேண்டும். புதிய பிளேடு, எஃகு ஸ்கேல் இரண்டும் அவசியம். ஒரே இழுப்பில் வெட்ட நினைக்காமல் மெதுவாக மூன்று முறை இழுத்தால் விளிம்பு பிசிறாது. ஆணித்தலைகள் வேண்டுமென்றால், ஒட்டுவதற்கு முன் அட்டையின் பின்பக்கத்திலிருந்து மழுங்கிய ஊசியால் வரிசையாக அழுத்துங்கள். முன்பக்கத்தில் சிறு புள்ளிகளாகப் புடைத்து நிற்கும்.

சக்கரங்களை மட்டும் விலைக்கு வாங்கிவிடுங்கள். மீட்டர் கேஜ் வேகன் சக்கரம் ஏறத்தாழ 725 மி.மீ. குறுக்களவு; நம் அளவில் 12 மி.மீ. கடையில் கிடைத்தது 11 மி.மீ. அந்த ஒரு மில்லிமீட்டரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வேகன் மிக லேசாக இருந்தால் வளைவில் தடம் புரளும். ஆகவே மீன்பிடி தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டுகளை உள்ளே, தரைமட்டத்தில் ஒட்டினேன். எடை உயரத்தில் இருந்தால் வண்டி தலைகீழாகும்.

முதல் தவறு இங்கே நடந்தது. மே மாதம் செய்து வர்ணம் பூசி வைத்த நான்கு வேகன்களும் ஜூலையில் வாழைப்பழம் போல வளைந்துவிட்டன. வெளிப்பக்கம் மட்டும் வர்ணம் பூசியிருந்தேன். புனே மழையின் ஈரத்தை அட்டையின் உட்பக்கம் குடித்து விரிய, வெளிப்பக்கம் விரியாமல் நிற்க, சுவர் வளைந்துவிட்டது. இப்போதெல்லாம் வெட்டியவுடன், ஒட்டுமிடத்தை மட்டும் விட்டுவிட்டு, இரு பக்கமும் பிரெஞ்ச் பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிடுகிறேன்.

இரண்டாவது தவறுதான் பெரியது. வேகன்களின் படத்தை ஊரிலிருக்கும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எங்கள் பரம்பரையில் அந்த ஸ்டேஷனை நன்றாக அறிந்தவர் இன்று அவர் ஒருவர்தான். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"ஏண்டா தம்பி, இது நம்ம ஊரு வண்டி இல்லையே. ரெண்டு பக்கமும் கொம்பு வச்சிருக்கே. அது பிராட்கேஜ் வண்டிக்குல்ல இருக்கும்! நம்ம வண்டிக்கு நடுவுல ஒண்ணுதானே!"

உண்மைதான். பழைய அகலப்பாதை வண்டிகளுக்கு முனையின் இரு பக்கமும் இடிதாங்கிகள் உண்டு. நடுவில் திருகுக் கொக்கி. மீட்டர் கேஜில் அப்படியில்லை. நடுவில் ஒரே இடிதாங்கி, அதிலேயே கொக்கியும் சேர்ந்திருக்கும். நான் ஏதோ ஒரு வெளிநாட்டு வேகனின் படத்தைப் பார்த்து ஒட்டியிருந்தேன். பதினாறு வயது வரை தினமும் பார்த்த வண்டி! கண் பார்த்திருக்கிறது, மனம் பார்க்கவில்லை. எட்டு ஜோடிக் கொம்புகளையும் பிளேடால் செதுக்கி எடுத்தேன்.

3. எஞ்சின்

நான் தேர்ந்தெடுத்தது ஒய்.பி. வகை எஞ்சின். மீட்டர் கேஜ் பயணி வண்டிகளை இழுத்த நீராவி எஞ்சின். ஜாம்ஷெட்பூர் டெல்கோ தொழிற்சாலை 1970 வரை இதைக் கட்டியது. முன்னால் நாலு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. பெரிய சக்கரம் நாலரை அடி. நமக்கு 23 மி.மீ. எஞ்சினும் டெண்டரும் சேர்ந்து 19 மீட்டர். நமக்கு 32 செ.மீ.

கொதிகலனுக்கு உகந்தது கெட்டியான அட்டைக் குழாய். அதன்மேல் மெல்லிய அட்டையைச் சுற்றி, பட்டைகள் ஒட்டினால் போதும். கைப்பிடிக் கம்பிகளுக்குப் பழைய மின்கம்பியின் செம்பு இழை.

சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் ஒரு நுட்பம் உண்டு. இடது பக்கச் சக்கரத்தின் முளையும் வலது பக்கச் சக்கரத்தின் முளையும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. ஒன்றுக்கொன்று 90 பாகை விலகியிருக்க வேண்டும். காரணம், ஒரு பக்கத்துப் பிஸ்டன் ஓட்டத்தின் கோடியில் நிற்கும்போது அதனால் சக்கரத்தைத் திருப்ப முடியாது. அந்தக் கணத்தில் மறுபக்கத்துப் பிஸ்டன் முழு பலத்தோடு தள்ள வேண்டும். சிற்றுருவில் மூன்று அச்சுகளிலும் இந்த 90 பாகை ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் அச்சில் பிசகினாலும் தண்டு சிக்கி வண்டி நொண்டும். எனக்கு இதில் மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

இனி ஒரு ரகசியம். என் எஞ்சின் எதையும் இழுப்பதில்லை! மோட்டார் இருப்பது முதல் பயணிப் பெட்டிக்குள். பழுதாகிக் கிடந்த ஒரு எச்.ஓ. டீசல் எஞ்சினின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் பெட்டியின் கூட்டை மாட்டினேன். பெட்டி தள்ளுகிறது, எஞ்சின் ஓடுகிறது. முதல் முயற்சிக்கு இதுவே சுலபம்.

கறுப்பு வர்ணத்தை அப்படியே பூசினால் பொம்மையாகத் தெரியும். சிறிது வெள்ளை கலந்து கருஞ்சாம்பலாக்குங்கள். பின்பு அடுப்புக்கரித் தூளை உலர்ந்த தூரிகையால் புகைப்போக்கியைச் சுற்றித் தேயுங்கள்.

4. ஸ்டேஷன்

வட்டமாக ரயில் விட வேண்டுமானால் 60 செ.மீ. ஆரமாவது வேண்டும், பலகை 130 செ.மீ. அகலம் பிடிக்கும். நம் பிளாட்டுகளில் அதற்கு இடமேது? ஆகவே சுவரோரமாக 180 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலத்தில் ஒரு பலகை. வண்டி ஒரு கோடியில் புளியமரங்களுக்குப் பின்னிருந்து வந்து, நின்று, மறு கோடியில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அலமாரிக்குப் பின்னால் மறைந்துவிடும்.

200 மீட்டர் பிளாட்பாரம் நம் அளவில் மூன்று மீட்டருக்கு மேல் வரும். எனவே சுருக்கத்தான் வேண்டும். விதி இது: நீளத்தைச் சுருக்கலாம், உயரத்தையும் அகலத்தையும் சுருக்கக் கூடாது. பெட்டியில் ஜன்னல்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஜன்னலின் அளவைக் குறைக்கக் கூடாது. மனிதன் தொடும் எதையும் சுருக்காதீர்கள். இப்படிச் செய்தால் பார்ப்பவர் கண்ணுக்குக் குறை தெரியாது.

ஜல்லிக்கு மணலைச் சலித்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தின் இடையே பரப்பி, ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பு சேர்த்து, இங்க் பில்லரால் விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக உருண்டு மணலையும் இழுத்துக்கொண்டு ஓடும். தண்டவாளத்தின் மேற்புறத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்; கீறலில் அழுக்குத் தங்கி மின்சாரம் தடைப்படும். துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும்.

5. கைகாட்டி

கடைசியாகச் செய்தது கைகாட்டி. ஒரு புத்தகத்தின் படத்தைப் பார்த்து, வண்டிக்கு வழிவிடும்போது கை மேலே உயரும்படி செய்து, நூல் கட்டி இயக்கியும் காட்டினேன். அண்ணனுக்கு வீடியோ போயிற்று. இந்த முறை அவர் அதட்டவில்லை.

"தம்பி, அம்மா நம்மள ஸ்கூலுக்குக் கிளப்புறப்ப என்ன சொல்லுவாங்க?"

சட்டென்று நினைவு வந்தது. "கைகாட்டி இறங்கிடுச்சு, ஓடுங்கடா!"

இறங்கிடுச்சு! ஏறிடுச்சு என்று யாரும் சொன்னதில்லை. ஊரே அப்படித்தான் பேசியது. இரண்டு வகைக் கைகாட்டிகளும் இந்தியாவில் உண்டு. ஒன்றில் கை மேலே உயர்ந்து வழிவிடும். மற்றதில் கீழே சாய்ந்து வழிவிடும். எங்கள் ஊரில் இருந்தது இரண்டாவது. நான் மறந்ததை அம்மாவின் பேச்சு மறக்கவில்லை.

கீழே சாயும் வகையில் ஓர் ஆபத்து இருக்கிறதே என்று கேட்கலாம். கம்பி அறுந்தால் கை தானாக விழுந்து வழிவிட்டதாகக் காட்டாதா? காட்டாது. மறுமுனையில் சிவப்பு, பச்சைக் கண்ணாடிகள் பதித்த இரும்புச் சட்டமும் எடைக்கல்லும் கையைவிடக் கனமாக இருக்கும். கம்பி அறுந்தால் அந்த எடை கையைக் கிடைநிலைக்கு, அதாவது "நில்" என்ற நிலைக்கு, திருப்பிவிடும். என் சிற்றுருவிலும் ஒரு ஈயக்குண்டு அந்த வேலையைச் செய்கிறது. நூலை விட்டதும் கை தானே "நில்" என்கிறது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் அப்பா தினமும் மாலையில் ஏணியேறி மண்ணெண்ணெய் விளக்கை வைத்துவிட்டு வருவார். 5 மி.மீ.க்கு ஒரு படியாக அந்த ஏணியைச் செய்தபோதுதான், மழை நாளில் அது எவ்வளவு உயரம் என்று எனக்கு உறைத்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைகளோடு சேர்ந்து ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். ரயிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர்த் தேராக இருக்கலாம், பாட்டி வீட்டுத் திண்ணையாக இருக்கலாம். அளவு தெரியாத இடத்தில் ஊரிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். பேரன் இப்போது பெரியப்பா தாத்தாவுடன் தானே போனில் பேசுகிறான். டோக்கன் வளையம், பாயிண்ட், கேபின் என்று அவன் கேட்க, அவர் சொல்லச் சொல்ல, தமிழில் எழுதிக்கொள்கிறான்.

ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் பிளாட்பாரத்தின் வடக்குக் கோடியில் இருந்தது என்கிறார் அண்ணன். தெற்கு என்பது என் நினைவு. அண்ணனுக்கு எண்பத்து மூன்று வயதாகிறது. அந்தக் குழாயை மட்டும் நான் இன்னும் ஒட்டவில்லை. ஒரு குண்டூசியில் நிற்கிறது. வரும் கோடை விடுமுறைக்குப் பேரனுடன் ஊருக்குப் போகிறேன். அண்ணன் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், இடத்தைக் காட்டச் சொல்லிவிட்டு வந்து, அப்புறம் ஒட்டுவதாக இருக்கிறேன்.