இயந்திரம் நின்ற பின்னும் சுழலும் இறக்கை

பறக்கும் ஹெலிகாப்டரின் இயந்திரம் நின்றுவிட்டால் அது கல்லைப்போல் விழுந்துவிடாதா? இயந்திரவியல் பயிலும் என்னிடம் நண்பர்கள் பலமுறை கேட்ட கேள்வி இது.

1972 ஜூன் 21 அன்று பிரான்சில் ழான் புலே என்ற விமானி, ‘லாமா’ வகை ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரம் ஏறி உலக சாதனை படைத்தார். இறங்கத் தொடங்கியபோது இயந்திரம் அணைந்தது. மீண்டும் இயங்கவில்லை. ஆயினும் அவர் பத்திரமாகத் தரையிறங்கினார்.

அவரைக் காத்தது தற்சுழற்சி. இயந்திரம் நின்றதும் இறக்கைகளுடனான அதன் இணைப்பு தானாக விடுபடும். விமானி உடனே இடக்கை நெம்புகோலைத் தாழ்த்தி, இறக்கைகளின் சாய்வைக் குறைக்க வேண்டும். அப்போது கீழிருந்து மேலெழும் காற்றே அவற்றைச் சுழற்றும். நம் காடுகளில் மெராந்தி மரத்தின் சிறகுள்ள காய் சுழன்று சுழன்று இறங்குவதும் காற்றின் துணையால்தான். சில வினாடிகள் தாமதித்தாலும் சுழல்வேகம் குறைந்து, மீட்க முடியாமல் போகலாம்.

தரை நெருங்கியதும் விமானி முன்பகுதியை உயர்த்தி வேகத்தைத் தணிப்பார். பின்னர் நெம்புகோலை மேலே இழுப்பார். இறக்கைகளில் எஞ்சியுள்ள ஆற்றல் அந்த ஒரு முறைக்குத்தான் போதும்.

விழும்போது மேலே இழுக்கவே கை துடிக்கும். முதலில் தாழ்த்தத் தெரிந்தவரே பிழைப்பார். அந்தத் தெளிவு ஆபத்து வேளையில் பிறப்பதன்று; முன்கூட்டியே பலமுறை செய்த பயிற்சியில் பிறப்பது.