வெடித்த கைக்கு எந்த எண்ணெய்?

"கையெல்லாம் வெடிச்சு எரியுதுங்க, என்ன பூசலாம்?" என்று பால் வெட்டும் பெண்களும் வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர்களும் கேட்பது வழக்கம். பால் உறைய ஊற்றும் அமிலம், உரம், ஓயாத சோப்புத் தண்ணீர் இவை தோலின் இயற்கைக் கொழுப்பைக் கெடுத்துவிடுகின்றன. கொழுப்புப் போனால் உள்ளே ஈரம் தங்காது. தோல் வறண்டு வெடிக்கிறது.

தோழர்களே, இது அழகு பற்றிய பேச்சு அல்ல. முழுத்தோல் ஒரு மதில். பாராகுவாட் மருந்து நல்ல தோலில் அதிகம் இறங்காது. வெடிப்பும் புண்ணும் உள்ள தோல் வழியே ரத்தத்தில் கலந்து உயிரையே குடித்திருக்கிறது. மலேசியாவில் அது 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ஆனால் வேறு களைக்கொல்லிகள் உண்டு, மருந்தடிக்கும் வேலையும் உண்டு.

வீட்டிலிருக்கும் தேங்காயெண்ணெயே போதும். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். செம்பனைப் பருப்பு எண்ணெயும் அதே ஜாதிதான். சமையலுக்கு வாங்கும் செம்பனை எண்ணெய் வேறு, அது பழச் சதையில் எடுப்பது. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் லினோலிக் அமிலம் உண்டு. தோல் தன் மதிலைக் கட்ட அது வேண்டும். உடம்பு தானாக அதைச் செய்துகொள்ளாது. ஆலிவ் எண்ணெய்க்கு வெள்ளியைக் கொட்ட வேண்டாம். அதில் மிகுந்திருக்கும் ஓலிக் அமிலம் வறண்ட தோலை இன்னும் இளக்கிவிடும். கைக்குழந்தைக்கும் அது வேண்டாம். பொரித்து மிஞ்சிய எண்ணெயை யாருக்குமே பூசாதீர்கள்.

ஒன்று கவனியுங்கள். எண்ணெய் தோலுக்கு ஈரம் கொடுப்பதில்லை, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. காய்ந்த கையில் வழிய வழியத் தேய்த்து என்ன பயன்? குளித்ததும் துணியால் ஒற்றிவிட்டு, ஈரம் இருக்கும்போதே சில சொட்டுத் தடவுங்கள். இரவில் குதிகாலுக்குத் தடவிப் பழைய பருத்திக் காலுறை போட்டுப் படுக்கலாம்.

களிம்பாக வேண்டுமா? எடையில் 4 பங்கு தேங்காயெண்ணெய், 1 பங்கு தேன்மெழுகு. கிண்ணத்தில் போட்டு, கொதிநீர்ச் சட்டியில் வைத்து உருக்குங்கள். நேர் நெருப்பில் வைக்காதீர்கள். ஈரமில்லாத டப்பாவில் ஊற்றி ஆறவிடுங்கள். சிக்கு வாடை வந்தால் வீசிவிட வேண்டியதுதான்.

மருந்தடிக்கப் போகுமுன் எண்ணெய் பூசாதீர்கள். எண்ணெய் கையுறை ஆகாது. ரப்பர் கையுறையை எண்ணெய் இளக்கிக் கெடுத்தும்விடும், ரப்பர் பிழைப்பு நடத்தியவர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்! கையில் மருந்து பட்டால் எண்ணெயைத் தேடி ஓடாமல், சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

பூட்ஸ் போட்டு விரல் இடுக்கு வெந்து அரித்தால் அது பூஞ்சைக் காளான். அங்கே எண்ணெய் கூடாது, உலர வேண்டும். இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் காலில் வலி தெரியாமலே புண் ஆழமாகும். அவர்கள் குதிகால் வெடிப்பைக் கைவைத்தியத்தில் விடாமல் கிளினிக்கில் காட்டட்டும். வெடிப்பில் சீழ் வைத்தாலும் அப்படியே. மருந்தடிப்பவர்கள் டாக்டரிடம் போகும்போது, எந்த மருந்து என்று அதன் லேபிளைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டு போங்கள்.