விதி இரண்டு, வழி நான்கு

விதியை எழுதுதல் ஒன்று. அவ்விதியால் விளைவதை அறிதல் மற்றொன்று. இரண்டும் ஒன்றெனக் கொள்வோர் இடர்ப்படுவர். நம் பழைய மாணவர் பலர் இன்று ஈடுபட்டுள்ள கணினித் துறையிலே இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும் இடம் ஒன்றுண்டு. அதனையே யாம் ஈண்டு விளக்கப் புகுந்தோம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன அலுவல் என வினவுவாரும் உளர். எழுதிய விதிக்குப் பொருள் கோடல் எமது தொழிலாதலின் இஃது எமக்கு அயலன்று.

இக்காலத்துப் பெரிய மென்பொருள்கள் பல சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியும் தனக்கு வேண்டியவற்றோடு ஒரு கொள்கலத்துள் அடைக்கப்படுகின்றது. பல கணினிகளை ஒன்றாகப் பிணைத்து இக்கொள்கலங்களை இயக்கும் ஏற்பாட்டைக் கிளஸ்டர் என்பர். அதனை மேற்பார்க்கும் மென்பொருள்களுள் பெயர் பெற்றது, கூகிள் நிறுவனத்தார் 2014 இல் வெளியிட்ட குபர்நெட்டீஸ். கிரேக்க மொழியினின்று வந்த அப்பெயர், தமிழில் மீகாமன் எனப் பொருள்படும். கொள்கலங்கள் அதில் பொட் எனப்படும் சிறு அலகுகளாக இயங்கும்.

விதி எதுவும் எழுதாதபோது, எந்தப் பொட்டும் எந்தப் பொட்டோடும் தொடர்பு கொள்ளலாம். அதனைக் கட்டுப்படுத்த ஏற்பட்டவையே வலையமைப்பு விதிகள். இவை 2017 இல் நிலைபெற்ற வடிவம் எய்தின. இவற்றின் இயல்புகள் நான்கு. முதலாவது: ஒரு பொட்டை விதியொன்று சுட்டியதும், விதி கூறும் திசையில் அப்பொட்டு அடைபடும், அனுமதித்த வழி மட்டும் திறந்திருக்கும். சுட்டப்படாத பொட்டு முன்போல் திறந்தே கிடக்கும். இரண்டாவது: இவ்விதிகள் அனுமதிப்பன, விலக்குவன அல்ல. ஒரு விதி தந்த அனுமதியை இன்னொரு விதி பறிக்கமாட்டாது. மூன்றாவது: அனுப்புவோனின் செல்வழியும் பெறுவோனின் வருவழியும் ஆகிய இரண்டும் இசைந்தாலன்றித் தொடர்பு நிகழாது. நான்காவது: அனுமதி பெற்ற தொடர்புக்குரிய மறுமொழி தனி அனுமதியின்றியே திரும்பும்.

எடுத்துக்காட்டு ஒன்று காண்போம். கல்லூரி ஒன்றின் பரீட்சைப் பெறுபேறுகளைக் காட்டும் மென்பொருள் மூன்று பகுதிகளை உடையது எனக் கொள்க. மாணவர் காண்பது முகப்பு. கேள்விக்கு விடை தேடுவது கணிப்பகம். புள்ளிகளைக் காப்பது களஞ்சியம். மூன்றுக்கும் இடையே அமையக்கூடிய வழிகள் ஆறு. வேண்டியவை இரண்டே: முகப்பிலிருந்து கணிப்பகத்துக்கு ஒன்று, கணிப்பகத்திலிருந்து களஞ்சியத்துக்கு ஒன்று. ஆதலின் விதி எழுதுவோன், "களஞ்சியத்துக்குக் கணிப்பகம் மட்டும் 5432 என்னும் போர்ட் வழியாக வரலாம், கணிப்பகத்துக்கு முகப்பு மட்டும் வரலாம்" என இரண்டு விதிகளை எழுதி அமைகின்றான்.

இனி ஆறு வழிகளையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம். முகப்பு களஞ்சியத்தை அணுக முடியாது. களஞ்சியம் கணிப்பகத்தை அணுக முடியாது. வேண்டிய இரண்டும் திறந்துள்ளன. எஞ்சியவை, கணிப்பகத்திலிருந்தும் களஞ்சியத்திலிருந்தும் முகப்புக்குச் செல்லும் வழிகள். முகப்பை எவ்விதியும் சுட்டவில்லை. ஆதலின் அவையும் திறந்தே உள. விதி இரண்டு, வேண்டிய வழி இரண்டு. திறந்த வழியோ நான்கு! களஞ்சியத்துள் ஊடுருவிய பகைவன் முகப்பையும் தாக்கி, மாணவர்க்குப் பொய்ப் புள்ளியைக் காட்ட இடமுண்டு.

இதற்குப் பரிகாரம், அப்பிரிவிலுள்ள பொட்டுகள் யாவற்றின் வருவழியையும் அடைக்கும் பொதுவிதி ஒன்றை முதலில் எழுதுதல். அப்போது முகப்பும் அடைபடும். மாணவரும் நுழைய இயலாது. அதற்காக "முகப்புக்கு யாவரும் வரலாம்" என எழுதின், அந்த "யாவரும்" என்பதனுள் களஞ்சியமும் அடங்கும். பழைய குறையே மீளும். வெளியார் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் நுழைவாயில் பொட்டுகள் வேறொரு பிரிவில் இயங்குமாயின், அவற்றுக்கு மட்டும் அனுமதி தருதலே தக்கது.

ஆண்டும் ஒரு நுட்பம் உண்டு. நுழைவாயிற் பிரிவு, நுழைவாயில் என்னும் அடையாளம் ஆகிய இரண்டையும் ஒரே உறுப்பாக எழுதினால், இரண்டும் பொருந்திய பொட்டே நுழையலாம். இரண்டாவதன் முன் ஒரு சிறு கோடு இட்டுவிட்டால் அவை இரண்டு உறுப்புகளாகும். அப்போது அப்பிரிவிலுள்ள எப்பொட்டும் நுழையலாம். நம் பிரிவிலேயே அவ்வடையாளம் தாங்கிய எப்பொட்டும் நுழையலாம். எண்ணும்மைக்கும் "அல்லது" என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு கோட்டில் அடங்கிவிட்டது. இலக்கணம் பயின்ற மாணவன் இவ்விடத்தில் விழிப்பாய் இருப்பான்.

செல்வழியையும் அடைத்தல் நன்று. இன்றேல் கவர்ந்த புள்ளிகள் வெளியேறும். ஆயின், பெயர் கொண்டு முகவரி அறியும் டிஎன்எஸ் சேவைக்குரிய 53 ஆம் போர்ட்டைத் திறந்துவைத்தல் வேண்டும். இல்லையேல் பகுதிகள் ஒன்றையொன்று கண்டறியமாட்டா. மேலும், விதியை நடைமுறைப்படுத்துவது கிளஸ்டரில் பொருத்திய வலையமைப்பு இணைப்பி. அதற்கு அவ்வாற்றல் இல்லையாயின், விதி ஏட்டளவில் நிற்கும்.

ஆகவே ஆராய்வோன் செய்யத்தக்கது யாது? விதிகளைத் தனித்தனியே படித்து மனநிறைவு அடையாது, அனுப்புவோரை நிரையாகவும் பெறுவோரை நிரலாகவும் வைத்து அட்டவணை ஒன்று வரைக. ஒவ்வொரு கட்டத்திலும் "திறந்ததா, அடைத்ததா, எப்போர்ட்டில்?" என எழுதுக. வேண்டியவற்றோடு அதனை ஒப்பிடுக. பகுதிகள் 10 ஆயின் வழிகள் 90. 100 ஆயின் 9,900. கையால் இயலாதபோது இக்கணக்கைச் செய்து தரும் மென்பொருள்களும் உள. விதியை மாற்றுமுன் ஓர் அட்டவணையும் மாற்றியபின் ஓர் அட்டவணையும் பெற்று ஒப்பிடின், புதிதாய்த் திறந்த வழி உடனே புலனாகும். இவையாவும் விதிகளைக் கிளஸ்டரில் ஏற்றுமுன்பே செய்யத்தக்கன.

மாணவர்காள்! எழுதியவன் கருதியதை அன்று, எழுதியதையே கணினி நிறைவேற்றும். ஆதலின் எழுதியதன் முழுப்பொருளையும் எழுதியவனே முதலில் அறிந்துகொள்ளல் கடன். மொழிப்பாடம் நுமக்குப் பயிற்றுவதும் இதுவே.