போன் யார் கையில்?

தேவாரத்துக்காரன் நான். மனநல மருத்துவம் படித்து முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மலையடிவாரத்து ஆட்களைப் பார்த்தாயிற்று. கடைசிச் சில வருஷம் பாதி வைத்தியம் போனிலேயே நடந்தது. போடி, கம்பம் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கும் தாயிகளுக்கும் இதை எழுதுகிறேன். கருவியைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். நான் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

1. நோயைக் கேட்கும் முன் இடத்தைக் கேளுங்கள். "எங்க நிக்கிறீங்க? பக்கத்துல யாரு இருக்கா? போன் யாரோடது?" இந்த மூன்றையும் கேட்காமல் நான் ஒரு அம்மாவின் வைத்தியத்தைக் கெடுத்தேன். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். எப்போது கூப்பிட்டாலும் "நல்லாருக்கேன் சார்" என்பார். அதை நம்பி மூன்று மாதத்தில் மாத்திரையைக் குறைத்தேன். தூக்கம் கெட்டு, மெலிந்து போய் நேரில் வந்தார். "நீங்க கூப்பிடுறப்பல்லாம் ஜீப்புல இருந்தேன் சார். மகன் போனு, காதுல வச்சா கேக்காது, ஸ்பீக்கர்லதான் போடணும். ஒரு ஜீப்பு ஆளு கேக்கையில என்னன்னு சொல்றது?" என்றார். அதற்குப் பிறகு, ஆள் இருக்கும் இடம் என்று தெரிந்தால் 'ஆமா', 'இல்ல' என்று மட்டும் பதில் வரும்படி கேட்கப் பழகினேன். மீதியை ராத்திரிக்கு வைத்துக்கொள்வேன்.

2. முதல் பேச்சிலேயே முகவரியும், அவர் நம்பும் சொந்தக்காரர் ஒருவரின் எண்ணும் வாங்கி எழுதி வையுங்கள். "செத்துரலாம்னு இருக்கு" என்று ஒருவர் சொல்லும் நேரத்தில் டவர் போய்விடும். அப்போது யாரை அனுப்புவீர்கள்? மலைமேல் என்றால் எந்த எஸ்டேட், எந்த லயம் என்பதும் வேண்டும். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஏலத்துக்கு அடிக்கிற மருந்து வீட்டுக்குள் இருப்பது இங்கே சாதாரணம். அதை அப்புறப்படுத்தச் சொல்வதும் வைத்தியம்தான்.

3. வீடியோவில் வீடு தெரியும், அதைப் பயன்படுத்துங்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் நம் மாத்திரையை மட்டும்தான் கொண்டுவருவார். வீட்டில் இருப்பவரிடம் "மாத்திரை டப்பாவை அப்படியே கேமரா முன்னால கொட்டுங்கம்மா" என்று சொல்லலாம். அப்படித்தான் ஒருவரிடம் உடம்புவலி மாத்திரை அட்டை நாலைக் கண்டேன். அவர் லித்தியம் சாப்பிடுகிறவர். சரிவில் ஏறி இறங்கும் ஆளுக்கு வலி மாத்திரை தினப்படி. டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் போன்றவை ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். வெயிலில் வேர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றினாலும் ஏறும். என் மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

4. ஆனால் கேமராவுக்குக் கை கிடையாது. விரலை நீட்டச் சொன்னால் நடுக்கம் தெரியும். மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால்தான் விறைப்பு தெரியும். லித்தியம் அளவுக்கான ரத்தம், கடைசி வேளை மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டியது. குளோசபின் கொடுத்தால் வெள்ளணுக்களை எண்ணியாக வேண்டும். இதற்கெல்லாம் நேரில் வரச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

5. சட்டத்தை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். தொலைமருத்துவ நெறிமுறை 2020 மார்ச் 25இல் வந்தது. அதில் ஏ பட்டியல் மருந்தை முதல்முறை எழுத வீடியோவில் ஆளைப் பார்த்திருக்க வேண்டும். அட்டவணை எக்ஸ் மருந்தை எழுதவே கூடாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. மருந்துச்சீட்டுப் படத்தை மகன் நம்பருக்கு அனுப்பினால் அது தெருவுக்கே அனுப்பியது மாதிரி. பதினாலு இலக்க ஆபா எண்ணோடு (அரசின் சுகாதாரக் கணக்கு எண்) மனநலக் குறிப்பை இணைக்கும் முன் அதன் அர்த்தம் என்னவென்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள்.

6. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 படிவத்தைப் போனில் அனுப்புகிறீர்களா? ஒன்பதாவது கேள்வி தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவர் அதற்கு 'அநேகமாக தினமும்' என்று தட்டினால், உங்கள் கம்ப்யூட்டர் காலை பத்து மணிக்கு அதைக் காட்டும். அன்றன்றைக்குப் படிக்க ஆள் இல்லையென்றால் அனுப்பாதீர்கள். 'சோர்வா இருக்கு' என்பதற்கு மதிப்பெண் போடும் முன் அன்றைக்கு எத்தனை மணி நேரம் ஏலப்பழம் எடுத்தார் என்றும் கேளுங்கள்.

7. போனில் தன்னை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று நம்புகிறவரை வீடியோவில் கூப்பிடாதீர்கள். இது சொல்ல வேண்டியதா என்று சிரிப்பீர்கள். நான் செய்திருக்கிறேன்.

8. புதுக்கோட்டையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். மனநல மருத்துவர் சாரதா மேனன் அம்மா 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010இல் அந்த மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. நோயாளி பஸ்ஸுக்குள் உட்கார்ந்து திரையில் சென்னை டாக்டரோடு பேசுவார்; மருந்தும் அந்த பஸ்ஸிலேயே கிடைக்கும். ஊரில் தெரிந்த பணியாளர் கூட இருப்பார். திரை அதில் ஒரு பங்குதான். இங்கே மாத்திரையை வாங்கப் போடிக்குப் போகச் சொன்னால் ஒரு நாள் கூலி போச்சு, மறுமாதம் ஆள் வரமாட்டார்.

9. 14416 எண்ணை எல்லாருக்கும் எழுதிக் கொடுங்கள். 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை, நாள் முழுக்க இயங்கும், இலவசம், தமிழில் பேசலாம். நீங்கள் தூங்கும் நேரத்துக்கு அது வேண்டும்.

10. கூப்பிடும் நேரம். சாக்குலூத்து மெட்டுக்கு நேர்ப்பாதை போடச் சொல்லி எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது வரும்வரை ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் கம்பம்மெட்டோ போடிமெட்டோ சுற்றித்தான் போகும். விடியுமுன் சோறாக்கிக் கிளம்பிய பெண் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். ஓ.பி. முடியும் முன் வேலையை முடித்துவிடலாம் என்று பகல் பன்னிரண்டுக்குக் கூப்பிடாதீர்கள். ராத்திரி ஏழரைக்கு மேல் கூப்பிடுங்கள்.